பித்தளையின் வயது

காஞ்சிபுரத்திற்கும் செங்கல்பட்டிற்கும் இடையில், பாலாற்றை ஒட்டி அமைந்த ஊர் வாலாஜாபாத். ஆர்க்காட்டு நவாபு முகமது அலி வாலாஜாவின் பெயரைத் தாங்கிய இவ்வூரிலும், இதனைச் சூழ்ந்த நெசவாளர் சிற்றூர்களிலும் பழைய வீட்டுப் பரண்களில் பித்தளைப் பொருள்கள் இன்றும் உறங்குகின்றன. குத்துவிளக்கு, காமாட்சி விளக்கு, பன்னீர்ச்செம்பு, சந்தனப்பேலா, வெற்றிலைப்பெட்டி, தாம்பாளம் எனப் பலவாகிய இவற்றுள் பெரும்பாலானவை திருமணச் சீராக வந்தவை. எவர்சில்வர் பரவிய காலத்தில் இத்தகைய பொருள்கள் தமிழகமெங்கும் தள்ளுவண்டி வணிகரிடம் எடைக்கு எடை மாற்றப்பட்டன. எஞ்சியவை இன்று பழைய பாத்திரக் கடைகளை அடைகின்றன. தராசுக்கு எடை மட்டுமே தெரியும். நூறாண்டுப் பழைய விளக்கும் பத்தாண்டுப் பழைய விளக்கும் அங்கே ஒரே விலை பெறுகின்றன. இரண்டும் ஒரே உலையில் உருகுகின்றன. மறுபுறம், நேற்று வார்த்த விளக்கைக் கறுக்கச் செய்து, பழம்பொருள் என்று பன்மடங்கு விலைக்கு விற்போரும் உளர். இவ்விரு இழப்புகளையும் தவிர்க்க, பொருளைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

உலோகம் உரைப்பது

செம்பும் துத்தநாகமும் கலந்தது பித்தளை. செம்பும் வெள்ளீயமும் கலந்தது வெண்கலம். பித்தளை மஞ்சள் நிறம் மிக்கது. வெண்கலம் சற்றுப் பழுப்பேறியது. தட்டினால் நீண்டு ஒலிப்பது. பித்தளையைக் காந்தம் ஈர்ப்பதில்லை. எனவே காந்தம் ஒட்டிக்கொண்டால் அஃது இரும்பின்மேல் பூசிய பித்தளைப் பூச்சு என்று கொள்ளலாம். காந்தம் ஒட்டாததனால் மட்டும் பித்தளை என முடிவு செய்தல் பிழை. அலுமினியத்தையும் காந்தம் ஈர்ப்பதில்லை. இவ்விடத்தில் ஆர்க்கிமிடீசின் நீர்ச்சோதனை துணை செய்யும். பித்தளையின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 8.4 முதல் 8.7 கிராம் வரை. அலுமினியத்தின் அடர்த்தி 2.7 கிராம். 850 கிராம் எடையுள்ள அன்னப்பறவை உருவம் ஏறத்தாழ 100 மில்லிலிட்டர் நீரை வெளியேற்றினால் அது பித்தளையாக இருக்கக்கூடும். உள்ளே காற்று அடைபட்ட உருவங்களுக்கு இக்கணக்குப் பொருந்தாது.

துத்தநாகத்தின் அளவைக்கொண்டு காலம் கணிக்கும் முறையொன்று ஐரோப்பாவில் உண்டு. துத்தநாகம் 907 பாகை செல்சியசில் கொதித்து ஆவியாகிவிடும். அதனால் அதனைத் தனி உலோகமாகப் பிரிப்பது கடினமாயிருந்தது. தாதுவைச் செம்புடன் சேர்த்துச் சூடேற்றும் பழைய முறையில் பித்தளையில் துத்தநாகம் 30 விழுக்காட்டுக்கு மேல் ஏறுவது அரிது. ஆகவே அதனினும் மிகுந்த துத்தநாகம் அங்கே பிற்காலத்தின் அடையாளம். இவ்விதியை நம் நாட்டுப் பொருள்மீது அப்படியே ஏற்றிப் பார்த்தல் தவறாகும். இங்கிலாந்தில் வில்லியம் சாம்பியன் துத்தநாகம் வடிக்கும் முறைக்கு 1738இல் காப்புரிமை பெற்றார். அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே இராஜஸ்தானத்தின் ஜாவர் சுரங்கப் பகுதியில் துத்தநாகம் பெருமளவில் வடிக்கப்பட்டது.

கைத்தடமும் பொறித்தடமும்

வடிவத்தைக்கொண்டு காலம் சொல்வது எளிதன்று. கும்பகோணத்தை அடுத்த நாச்சியார்கோவிலில் கைவினைஞர்கள் காவிரிப் படுகையின் வண்டல் மண்ணில் அச்செடுத்து, வார்த்து, கடைசலிட்டுக் குத்துவிளக்குச் செய்கின்றனர். அன்னம் அமர்ந்த உச்சி, தண்டு, எண்ணெய்த்தட்டு, அடிப்பாகம் ஆகியவை தனித்தனியே உருவாகி மரையால் பொருத்தப்படுகின்றன. பாட்டன் வார்த்த வடிவத்தையே பேரனும் வார்ப்பதால், வடிவம் மரபைக் காட்டுமேயன்றி ஆண்டைக் காட்டாது.

ஆகவே நுண்ணிய தடயங்களையே நாட வேண்டும். பாகங்களைக் கழற்றி மரையை நோக்குக. ஒரு விளக்கின் தண்டு அதே வகையான மற்றொரு விளக்கின் அடியில் பொருந்தாமல், தன் அடியில் மட்டுமே பொருந்துமாயின், அவை ஒன்றுக்கொன்று இணைத்துச் செதுக்கப்பட்டவை. எங்கும் ஒரே சீரான மரை, பொறியால் வெட்டப்பட்டது. பெட்டி, சட்டம் போன்றவற்றில் கூட்டல்குறி போன்ற பிளவுடைய திருகாணி இருந்தால், அத்திருகாணி 1930களுக்கு முற்பட்டதன்று. அயல்நாட்டுக்கென்று செய்த மொராதாபாத் தட்டுகளின் அடியில் ‘இந்தியா’ என்று ஆங்கில எழுத்தில் பொறித்திருப்பது உண்டு. அமெரிக்காவின் 1890ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டம் இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயரைக் கட்டாயமாக்கியது. ஒரு பொருள், தன்னில் உள்ள மிகப் புதிய உறுப்பினும் பழையதாக இருக்க இயலாது. அவ்வுறுப்பு பின்னாளில் பழுது பார்த்துச் சேர்த்ததாயின் மட்டும் இவ்விதி தளரும்.

எழுத்தே சான்று

தமிழ்நாட்டுப் பித்தளைக்கு ஒரு நற்பேறு உண்டு. நம்மவர் பாத்திரத்தில் பெயர் வெட்டுவர். சீர் கொடுத்தவர் பெயரோ, பெற்றவர் பெயரோ, சில வேளைகளில் ஆண்டும் திங்களுமோ விளிம்பில் இருக்கும். உளியும் சிறு சுத்தியும் கொண்டு வெட்டிய எழுத்து, புள்ளிகளும் சிறு வெட்டுகளுமாகத் தொடரும். மின்கருவியால் எழுதியது மெல்லிய, தடையற்ற கோடாக ஓடும்.

எழுத்தின் வடிவமும் காலம் பேசும். பெரியார் 1935இல் ‘குடி அரசு’ இதழில் பயன்படுத்தத் தொடங்கிய சீர்திருத்த எழுத்துகளைத் தமிழ்நாடு அரசு 1978இல் ஏற்றது. அதற்கு முன்னர் ணை, லை, ளை, னை ஆகியவை யானைத் துதிக்கை போன்ற வளைவுடன் எழுதப்பட்டன. ணா, றா, னா ஆகியவற்றில் துணைக்கால் தனித்து நில்லாமல் எழுத்தோடு சுழிந்திருந்தது. அண்ணாமலை என்ற ஒரே பெயரில் இத்தகைய எழுத்துகள் இரண்டு உள்ளன.

ஒரு விளக்கில் ‘அண்ணாமலை, விகிருதி வருஷம் தை மாதம்’ என்றிருப்பதாகக் கொள்க. தமிழ் ஆண்டுப் பெயர் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை மீளும். விகிருதி 1890, 1950, 2010 ஆகிய ஆண்டுகளின் சித்திரையில் தொடங்கியது. தை மாதம் அடுத்த ஆங்கில ஆண்டின் தொடக்கத்தில் வருமாதலால், வாய்ப்புள்ள காலம் 1891, 1951, 2011 என மூன்று. எழுத்துகள் புதிய வடிவினவாயின் 1891 நீங்கும். 1951உம் பெரும்பாலும் நீங்கும். பழைய வடிவினவாயின் 2011 ஐயத்திற்குரியது. ஆனால் முற்றிலும் நீங்குவதில்லை, ஏனெனில் பழகிய கை அரசாணைக்குப் பின்னும் பழைய வடிவையே எழுதியிருக்கலாம். எழுத்து உளியால் வெட்டப்பட்டிருப்பின் ஐயம் மேலும் வலுக்கும். எஞ்சிய 1891, 1951 என்ற இரண்டனுள் எது என்பதைத் தேய்மானமும் குடும்ப வரலாறும் கொண்டே தேற வேண்டும். இங்குக் கிடைப்பதும் பெயர் வெட்டிய காலமே. விளக்கு அதனினும் பழையதாக இருக்கலாம்.

போலியின் முகம்

நாள்தோறும் கையாண்ட விளக்கு, கைபடும் தண்டிலும் தரையில் உரசும் அடிவிளிம்பிலும் தேய்ந்திருக்கும். கைபடாத இடுக்கில் எண்ணெய்ப் பிசுக்கும் கரியும் அடையடையாக இறுகியிருக்கும். போலியில் தேய்மானம் எங்கும் ஒரே சீராக இருக்கும். அமிலமும் உப்பும் இட்டு வரவழைத்த பச்சைக் களிம்பு, ஈரத்துணியில் எளிதாக ஒட்டிக்கொள்ளும். ஐயுற்ற பொருளை உடனே புளியிட்டுத் துலக்குதல் கூடாது. துலக்கினால் அகல்வது அழுக்கு மட்டுமன்று, சான்றும் ஆகும்.

நூறாண்டு கடந்த கலைப்பொருளைத் தொல்பொருள் என்று 1972ஆம் ஆண்டு மையச் சட்டம் வரையறுக்கிறது. அதனைத் தனியார் அயல்நாட்டிற்கு ஏற்றுமதி செய்ய இயலாது. நிலத்தடியில் கிடைத்த பழம்பொருள் பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புடையதாயின், மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்குமாறு 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் கூறுகிறது. கோயிலின் பெயரோ, ‘உபயம்’ என்ற சொல்லோ வெட்டப்பட்ட விளக்கு கடைக்கு வருமாயின், அதன் வயதை ஆராயுமுன் அது கோயிலைவிட்டு வெளியே வந்த வழியை வினவ வேண்டும்.