ஆறு பேர் போதும்

அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் மாநிலத்தில் ஹோலியோக் என்றொரு தொழில் நகரம் உண்டு. கடதாசி ஆலைகளாற் பெயர் பெற்றது. அங்குள்ள வை.எம்.சி.ஏ. சங்கத்தில் 1895ஆம் ஆண்டு வில்லியம் மோர்கன் என்பவர், வயது சென்ற அங்கத்தவருக்குக் கூடைப்பந்து கடினமாயிருக்கக் கண்டு, வலையை உயரக் கட்டிப் பந்தைக் கையால் தட்டும் ஆட்டமொன்றை வகுத்தார். அதுவே கரப்பந்தாட்டம். 1916இல் அதே சங்கத்தின் வழியாகக் கொழும்புக்கு வந்தது. 1991இல் இலங்கையின் தேசிய விளையாட்டாயிற்று.

யாழ்ப்பாணத்துத் தீவுகளுக்கு இவ்வாட்டம் எவ்வளவு பொருந்திவிட்டது! உதைபந்துக்குப் பதினொருவரும் பரந்த திடலும் வேண்டும். நெடுந்தீவிலோ காணிக்குக் காணி முருகைக்கல் வேலி. கரப்பந்துக்கு இரு கம்பங்களும் ஆறு பேரும் போதும். வலை பின்னத் தெரிந்த ஊரில் வலைக்கா பஞ்சம்? சனசமூக நிலையத்து முற்றமே மைதானமாகிவிடும். இரவு தொழிலுக்குப் போகிறவர்களும் பொழுதுபடுமுன் ஓர் ஆட்டம் ஆடிவிட்டே கடலில் இறங்கலாம்.

ஒருவர் பந்தைத் தூக்கிக் கொடுக்க மற்றவர் அறைவது 'செற்றப்'. வந்த பந்தை நேரே வலைக்கப்பால் அனுப்புவது 'ஓவர்'. போட்டி விதிகளுக்கு உகந்தது முன்னையது. எமக்கென்னவோ ஊர் மணம் பின்னையதிலேதான் அதிகம்.

சங்கடமெல்லாம் கடலால் வருவது. நெடுந்தீவுக் கழகமொன்று பட்டினத்தில் ஆடவேண்டுமாயின், குறிகட்டுவான் வரை ஏறக்குறைய ஒரு மணி நேரம் படகு. அப்பாற் புங்குடுதீவு, வேலணை, பண்ணை என்று பேருந்து. கடைசிப் படகு எந்த ஆட்டத்துக்காகவும் காத்திராது. கடல் கொந்தளித்தாற் பயணமே இல்லை. எதிரணி ஆடாமலே வென்றுவிடும்.

அதனினும் பெரிய இடர், ஆள் இல்லாமை. 1990, 1991ஆம் ஆண்டுகளின் இராணுவ நடவடிக்கைகளால் ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவு மக்கள் பெருந்தொகையாக வெளியேறினர், பலர் மீளவேயில்லை. இன்று பாரிஸிலும் லண்டனிலும் ரொறன்ரோவிலும் தீவகத்து ஊர்களின் பெயராற் போட்டிகள் நடைபெறுகின்றன. ஊர்க் கழகங்களுக்குப் பந்தும் சீருடையும் வெற்றிக் கிண்ணமும் அங்கிருந்து வருவதுண்டு. ஆட்டக்காரரை எப்படி அனுப்புவது?

தீவில் எஞ்சிய இளைஞரிலும் ஒரு பகுதியினர் உயர்தரம் படிக்கப் பட்டினத்தில் தங்கிவிடுகின்றனர். வெள்ளிக்கிழமைப் படகில் அவர்கள் வந்து இறங்கிய பின்னர்தான் ஆறு பேர் தேறுகின்றனர். சனிக்கிழமை மாலை வலை கட்டப்படுகிறது.