கொட்டகையில் உருவாகும் ஆகாய விமானம்

ஆகாய விமானம் என்றதும் நம் மனக்கண்முன் எழுவது ஒரு பிரம்மாண்டமான தொழிற்சாலை. ஆயிரக்கணக்கான தொழிலாளிகள், வானளாவிய கூரை, காதைத் துளைக்கும் யந்திரங்களின் ஓசை! ஆனால் அமெரிக்காவில், வீட்டை ஒட்டி மோட்டார் வண்டி நிறுத்தும் கொட்டகையிலேயே விமானத்தைச் செய்து, அதில் ஏறிப் பறந்தும் வருகிறார்கள் என்று சொன்னால், நேயர்களில் சிலர் நம்மைச் சந்தேகக் கண்ணுடன் நோக்கக்கூடும். விஷயம் முற்றிலும் உண்மை.

1953-ம் ஆண்டில் பால் பொபெரெஸ்னி என்பவர் மில்வாக்கி நகரத்தில் இத்தகைய ஆர்வமுடையோருக்காக ஒரு சங்கத்தை ஸ்தாபித்தார். அந்நாட்டுச் சட்டமும் இவர்களுக்கு இடம் கொடுக்கிறது. அறிவு வளர்ச்சிக்கோ பொழுதுபோக்குக்கோ ஒருவர் விமானம் செய்துகொள்ளலாம். வேலையில் பெரும்பகுதி மட்டும் தொழிற்சாலையில் நடந்ததாக இருக்கக் கூடாது. ஓரிகன் மாகாணத்தைச் சேர்ந்த ரிச்சர்டு வான்கிரன்ஸ்வன் என்னும் எஞ்சினீயர் அமைத்த ஆர்.வி. 3 என்ற சிறு விமானம் 1971-ல் பறந்தது. அதன்பின் அவர் தொடங்கிய வான்ஸ் ஏர்கிராப்ட் கம்பெனி, விமானத்தின் பாகங்களை மரப்பெட்டிகளில் அடைத்து வீடுகளுக்கு அனுப்பி வந்திருக்கிறது. அவற்றைக் கொண்டு கட்டப்பட்டுப் பறந்தவை 11,000-க்கு மேல்!

பெட்டியைத் திறந்தால் விமானம் தென்படாது. அலுமினியத் தகடுகளும், நீண்ட கம்பிச் சட்டங்களும், ஆயிரக்கணக்கான ரிவிட் ஆணிகளுமே தென்படும். இவற்றில் விமானத்தின் உடற்கூட்டுக்குரிய பாகங்களைப் பொருத்துவதுதான் கட்டுகிறவனுக்குப் பெரிய பரீட்சை. படகுக்கு விலா மரங்கள் எப்படியோ, அப்படியே உடற்கூட்டுக்கு முன்னிருந்து வால் வரையில் வரிசையாக நிற்கும் குறுக்குச் சட்டங்கள். அவற்றை ஒன்றோடொன்று இணைத்து நீளவாட்டில் ஓடுபவை நெடுஞ்சட்டங்கள். இவ்வளவுக்கும் மேலே தோல் போர்த்தாற்போல் மெல்லிய தகடு.

இந்தச் சட்டங்கள் சற்றுக் கோணினால்தான் என்ன என்று கேட்கலாம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். முன்பக்கத்தில் ஒரே ஒரு பாகை திசை தப்பினால், ஐந்து மீட்டருக்கு அப்பால் வால் பக்கத்தில் அது ஏறக்குறைய 8.7 சென்டிமீட்டர் விலகலாகிவிடும். விமானத்தை நேராகச் செலுத்தும் சுக்கானும் கிடைமட்ட இறகும் அந்த வாலில்தானே இருக்கின்றன? வால் கோணிய விமானம் எப்பொழுதும் ஒரு பக்கமாகவே இழுத்துக்கொண்டு போகும். ஓட்டுகிறவன் பிரயாணம் முழுவதும் ஒரு காலை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டியதுதான்!

ஆர்.வி. 4, ஆர்.வி. 6 ஆகியவை கட்டப்பட்ட நாட்களில், முதலில் மரத்தால் ஒரு பெரிய தாங்கு சட்டம் அமைத்து, அதில் குறுக்குச் சட்டங்களைத் தலைகீழாக நிறுத்துவார்கள். நடுவே நூல் கட்டி, தூக்குக்குண்டும் ரசமட்டமும் வைத்துப் பார்ப்பார்கள். எதிர் மூலைகளின் தூரம் இருபுறமும் சமமா என்று அளப்பார்கள். நம் ஊர்க் கொத்தனாரும் தச்சரும் வீடு கட்டும்போது செய்வதும் இதுதான். 2003-ல் முதன்முதல் பறந்த, நால்வர் அமரக்கூடிய ஆர்.வி. 10 முதலிய பிந்திய மாதிரிகளிலோ, யந்திரமே துளைகளை உரிய இடத்தில் இட்டு அனுப்புகிறது. துளைக்கு நேரே துளை வந்தால் கூடு தானாகவே நேராகிவிடும் என்பது தத்துவம்.

அப்படியானால் இது குழந்தை விளையாட்டு அல்லவா? அல்லவே அல்ல. வளைந்த ஓரமுள்ள தகட்டின் விளிம்பை மடிக்கும்போது, அந்த விளிம்பில் உலோகம் மிஞ்சி, தகடு முழுவதையும் வில்லைப்போல் வளைத்துவிடுகிறது. துளைகள் யாவும் சரியான அளவில் இருந்தும் ஒரே வரிசையில் நில்லா. இதற்கென்றே ஒரு குறடு உண்டு. துளைக்கும் துளைக்கும் இடையே விளிம்பில் சிறு சிறு மடிப்புகளை அது உண்டாக்கும். பாவாடையில் கொசுவம் வைத்தாற்போல் மிஞ்சிய உலோகம் அவற்றில் அடங்கிவிடும். பிறகு சட்டத்தைச் சமமான பலகைமேல் வைத்தால் எங்கும் தூக்காமல் படிய வேண்டும். விளிம்பு மூலைமட்டத்துக்கு ஒத்திருக்க வேண்டும்.

நெடுஞ்சட்டம் இன்னும் பொல்லாதது. உட்காரும் அறையின் பக்க வளைவுக்கேற்ப அதை வைஸில் பிடித்து, கையால் அழுத்திக் கொட்டாப்புளியால் தட்டி வளைக்க வேண்டும். ஒரு திசையில் வளைக்கும்போதே அது மற்றொரு திசையில் முறுக்கிக்கொள்ளும். ஆகையால் ஒரு தட்டு, ஓர் அளவு, மீண்டும் ஒரு தட்டு என்றே வேலை நடைபெறும். துளை சட்டத்தின் ஓரத்தை நெருங்கிவிட்டாலும் ஆபத்து. துளையின் மையம் ஓரத்திலிருந்து ரிவிட்டின் குறுக்களவைப்போல் குறைந்தது இரு மடங்கு தள்ளியிருக்க வேண்டும் என்பது பொது விதி. அதற்காகச் சட்டத்தில் முன்பே ஒரு கோடு கிழித்துக்கொள்கிறார்கள். தகட்டின் ஒவ்வொரு துளையிலும் அந்தக் கோடு நடுவே தெரிகிறதா என்று பார்த்த பிறகே துளையிடுவார்கள்.

சூரிய பகவானும் இந்தப் பரீட்சையில் பங்கு கொள்கிறார். நான்கு மீட்டர் நீளமுள்ள அலுமினியத் தகடு, 15 டிகிரி வெப்பம் ஏறினால் சுமார் 1.4 மில்லிமீட்டர் நீண்டுவிடும். எனவே காலைக் குளிரில் அளந்ததை நடுப்பகல் வெயிலில் பட்ட பாகத்தோடு பொருத்தினால் துளைகள் பிணங்கும்.

அப்படிப் பிணங்கும்போது என்ன செய்வது என்பதில்தான் நல்ல வேலைக்காரனும் மற்றவனும் வேறுபடுகிறார்கள். தையற்காரர் முதலில் இழை ஓட்டிப் பார்ப்பதுபோல், ரிவிட் அடிக்குமுன் க்ளீகோ என்னும் வில் ஆணிகளால் பாகங்களைத் தற்காலிகமாகச் சேர்த்துப் பார்ப்பது வழக்கம். அந்த ஆணி எளிதில் நுழையாத இடத்தில் கூரிய கம்பியை விட்டு நெம்பி, பாகத்தைப் பலவந்தமாக இழுத்து மாட்டிவிடலாம். கண்ணுக்கு ஒரு குறையும் தெரியாது. ஆனால் வட்டத்துளை முட்டை வடிவாகிவிடும். வளைத்து மாட்டிய உலோகத்தினுள் அந்த இழுப்பும் நிலைத்து நிற்கும். அதற்கு மேல் எஞ்சினின் அதிர்ச்சியும் காற்றின் மோதலும் நாள்தோறும் சேரும்போது, அங்கேதான் விரிசல் காணும். ஆகவே நெம்புவதற்குமுன் ஏன் சேரவில்லை என்று கேட்க வேண்டும். விளிம்பு வளைந்திருக்கிறதா, சட்டம் முறுக்கிக்கொண்டதா, வலப்பாகம் இடப்பக்கம் வந்துவிட்டதா என்று தேட வேண்டும். தானாகப் படியாத பாகம் ஏதோ ஒரு பிழையை நமக்கு அறிவிக்கிறது. அதன் வாயை அடைப்பது விவேகமாகாது.

துளை என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு அண்மையில் ஓர் உதாரணம் கிடைத்தது. வான்ஸ் கம்பெனி சில பாகங்களின் துளைகளை லேசர் ஒளியால் வெட்டுவித்திருந்தது. மெல்லிய தகட்டில் ரிவிட்டின் தலை வெளியே நீட்டாமல் படிவதற்காகத் துளையைச் சுற்றிச் சிறு குழி அழுத்துவது வழக்கம். அவ்வாறு அழுத்தியபோது, லேசர் வெட்டிய துளைகள் சிலவற்றில் விரிசல் கண்டது. அப்பாகங்களை மாற்றிக் கொடுக்கும் பெருஞ்செலவும் வேறு நஷ்டங்களும் சேர, 2023 டிசம்பரில் கம்பெனி நீதிமன்றத்தின் பாதுகாப்பை நாட நேர்ந்தது. 2024-ல் அதிலிருந்து மீண்டது. மில்லிமீட்டர்க் கணக்கில் உள்ள ஒரு துளையின் ஓரம் இவ்வளவும் செய்துவிட்டது!

எல்லாம் சேர்ந்த பின்னரே பிசிறுகளை அரத்தால் நீக்கி ரிவிட் அடிக்கத் தொடங்குகிறார்கள். வெளியே ஒருவர் காற்றுச் சுத்தியலால் தட்ட, உள்ளே மற்றொருவர் கனமான இரும்புக் கட்டியைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். மனைவியும் மக்களும் உதவிக்கு வருவது சகஜம். ஆயிரம், இரண்டாயிரம் மணி நேரம் இவ்வாறு கழிகிறது. முடிவில் அரசாங்கத்தின் பரிசோதகர் வந்து பார்த்து அனுமதி தருகிறார். அதன் பின்னும், சாதாரணமாக முதல் 25 அல்லது 40 மணி நேரப் பறத்தலில் பிரயாணிகளை ஏற்றிச் செல்லலாகாது.

ஆனால் அந்தப் பரிசோதகராலும் மூடிய தகட்டுக்குள்ளே உள்ள ஒவ்வொரு துளையையும் பார்த்துவிட முடியாது. எந்த இடத்தில் பொறுமையாக அளந்தோம், எந்த இடத்தில் அவசரப்பட்டு நெம்பினோம் என்பது கட்டினவனுக்கு மட்டுமே தெரியும். பெரும்பாலும் அவனேதான் அந்த விமானத்தில் முதலாவதாக ஏறி உட்காருகிறான். அடுத்தபடியாக ஏறப்போகிறவர்கள் அவனுடைய மனைவியும் மக்களும்.