செல்போனில் வருமானம்... கையில் சரக்கு இருந்தால் அதுவும் ஒரு சந்தை!

‘உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குக்கூட மிஞ்சாது’ என்பார்கள். உரம், கூலி, டீசல் எல்லாம் ஏறிக் கிடக்கும் நேரத்தில், ‘வீட்டில் இருந்தபடியே செல்போனில் சம்பாதிக்கலாம்’ என்று யாராவது சொன்னால், காது அந்தப் பக்கம் போகத்தான் செய்யும். உண்மையிலேயே முடியுமா, இல்லை எல்லாமே ஏமாற்று வேலையா?

செல்போனை ஒரு சந்தையாக நினைத்தால் முடியும். ஆனால், சந்தைக்குப் போகிறவர் கையில் சரக்கு இருக்க வேண்டும். 2020-ம் ஆண்டு மே மாதம், கொரோனா ஊரடங்கில் சென்னை கோயம்பேடு சந்தை மூடப்பட்டபோது காய்கறிகளை ஏற்றி அனுப்ப வழியில்லாமல் விவசாயிகள் திண்டாடினார்கள். அப்போது வாட்ஸ்அப் மூலம் நகரத்துக் குடும்பங்களுக்கு நேரடியாகக் காய்கறி கொடுத்துச் சமாளித்தவர்களும் உண்டு.

என்ன விற்கலாம்?

தக்காளி, கீரை போன்றவை பக்கத்து டவுனுக்கு மட்டும்தான் சரிப்படும். தொலைவில் உள்ளவர்களுக்கு அனுப்ப, கெடாத பொருள்கள் வேண்டும். செக்கு எண்ணெய், பாரம்பர்ய அரிசி, சிறுதானியம், மஞ்சள்தூள், நாட்டுச் சர்க்கரை, முருங்கைக்கீரைப் பொடி ஆகியவை இதற்கு ஏற்றவை. வாட்ஸ்அப் பிசினஸ் செயலி இலவசம். பொருளின் படம், எடை, விலை ஆகியவற்றை அதிலேயே பட்டியலாகப் போட்டு வைக்கலாம். வெளியூரில் வேலை பார்க்கும் சொந்தக்காரர்கள், அவர்களுடைய நண்பர்கள் என்று முதலில் 20 குடும்பங்களைப் பிடியுங்கள். அந்த 20 பேரும் மாதாமாதம் திரும்பக் கேட்டால்தான் அது தொழில்.

கட்டுப்படியாகுமா?

ஓர் உதாரணக் கணக்கு. உங்கள் ஊர் விலையைப் போட்டு நீங்களே பார்த்துக்கொள்ளலாம். 100 கிலோ நிலக்கடலைப் பருப்பு, கிலோ 110 ரூபாய் வீதம் 11,000 ரூபாய். ஆட்டுக்கூலி 1,000 ரூபாய். சுமார் 43 லிட்டர் எண்ணெய் கிடைப்பதாக வைத்துக்கொண்டால், பாட்டில், லேபிள், அட்டைப்பெட்டிக்கு லிட்டருக்கு 20 ரூபாய் வீதம் 860 ரூபாய். மொத்தச் செலவு 12,860 ரூபாய்.

எண்ணெய் லிட்டர் 300 ரூபாய் என்றால் 12,900 ரூபாய். 50 கிலோ பிண்ணாக்கு, கிலோ 40 ரூபாய் வீதம் 2,000 ரூபாய். மொத்த வரவு 14,900 ரூபாய். மிச்சம் 2,040 ரூபாய். அதாவது, பாட்டிலுக்குச் சுமார் 47 ரூபாய். இதில் பார்சல் செலவு வாங்குபவருடையது. வீட்டு ஆட்களின் உழைப்புக்குக் கூலி போடவில்லை.

பருப்பாக விற்றிருந்தால் கிடைக்கும் 11,000 ரூபாய்க்கு மேல் இது கூடுதல் வருமானம். ஆனால், வழியில் ஒரு பாட்டில் உடைந்தால் ஆறு பாட்டில்களின் லாபம் போய்விடும். அதனால், பேக்கிங்கில் சிக்கனம் பார்க்காதீர்கள். பருப்பு நன்றாகக் காயாமல் ஆட்டினால் எண்ணெய் சீக்கிரம் கெட்டுப்போகும். ஒருமுறை காறல் எண்ணெய் வாங்கியவர் மறுமுறை கேட்க மாட்டார்.

உரிமம் வேண்டுமா?

விளைந்ததைத் தோட்டத்திலிருந்து அப்படியே விற்கும் விவசாயிக்கு உணவுப் பாதுகாப்புச் சட்டம் பொருந்தாது. எண்ணெய், பொடி என்று மதிப்புக்கூட்டி பாக்கெட் போட்டு விற்பவர்கள் ‘எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ’ பதிவு எடுக்க வேண்டும். லேபிளில் பதிவு எண், எடை, தயாரித்த தேதி, விலை, முகவரி ஆகியவை இருக்க வேண்டும். கட்டணம், விதிமுறைகளை மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

யூடியூபில் காசு வருமா?

வரும், உடனே வராது. விளம்பர வருமானம் பெற 1,000 சந்தாதாரர்களும், 12 மாதங்களில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். இதை நம்பிக் கடன் வாங்கி கேமரா வாங்காதீர்கள். கடலை காய்வதையும், செக்கு ஓடுவதையும் இருக்கிற போனிலேயே எடுத்துப் போடுங்கள். அதைப் பார்த்து எண்ணெய் கேட்டு வருபவர்கள்தான் முதல் வருமானம்.

எதில் சிக்கக் கூடாது?

‘வீடியோவுக்கு லைக் போட்டால் 50 ரூபாய்’ என்று செய்தி வரும். முதலில் 100, 200 ரூபாய் உண்மையாகவே கணக்கில் ஏறும். நம்பிக்கை வந்ததும், ‘5,000 கட்டினால் 7,000 கிடைக்கும்’ என்பார்கள். கட்டிய பணத்தை எடுக்க இன்னும் பணம் கேட்பார்கள். நகையை அடகு வைத்துக் கட்டியவர்களும் இருக்கிறார்கள். வேலை தருபவர் நமக்குத்தான் கூலி கொடுக்க வேண்டும். நம்மிடம் பணம் கேட்டால் அது வேலையே இல்லை.

இன்னொரு வலை, ‘உங்கள் வங்கிக் கணக்கைக் கொடுங்கள், கமிஷன் தருகிறோம்’ என்பது. திருட்டுப் பணம் அந்தக் கணக்கு வழியாகப் போனால் கணக்கு முடக்கப்படும், வழக்கும் வரும். பயிர்க்கடனும் ஊரக வேலைத் திட்டக் கூலியும் வந்து சேரும் கணக்கு அது என்பதைப் படிக்கும் பிள்ளைகளிடம் சொல்லி வையுங்கள்.

சரக்கு விற்கும்போதும் கவனம் தேவை. யு.பி.ஐ-யில் பணம் வாங்க ‘பின்’ நம்பர் தேவையே இல்லை. ‘பணம் அனுப்புகிறேன், பின் போடுங்கள்’ என்றால் அது உங்கள் பணத்தை எடுக்கும் வேலை. ஏமாந்துவிட்டால் கூச்சப்படாமல் உடனே 1930 என்ற எண்ணுக்கு போன் செய்யுங்கள். சீக்கிரம் சொன்னால், பணம் கைமாறுவதற்குள் நிறுத்த வாய்ப்பு உண்டு.

அகல உழுவதைவிட ஆழ உழுவது மேல். ஒரே ஒரு பொருளை, 20 குடும்பங்களுக்கு, ஆறு மாதம் தரம் குறையாமல் கொடுத்துப் பாருங்கள். வரவு செலவை ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். அடுத்த பொருளைச் சேர்க்கலாமா என்பதை அந்த நோட்டே சொல்லிவிடும்.