நுரையீரலுக்குள் கேளா ஒலி

மண்பானை வாங்குபவர்கள் அதை விரலால் சுண்டிப் பார்ப்பதை நீங்கள் கவனித்திருப்பீர்கள். 'டங்' என்று ஒலித்தால் நல்ல பானை. ஒலி மந்தமாக இருந்தால் எங்கோ விரிசல். இதைப் போலவே மனிதனின் மார்பைத் தட்டியும் நோயறியலாம் என்று 1761-ஆம் ஆண்டில் வியன்னா நகர மருத்துவர் லியோபோல்ட் ஆன்புருக்கர் ஒரு நூல் எழுதினார். அவருடைய தந்தையார் விடுதி நடத்தியவர். பீப்பாயில் எவ்வளவு மது இருக்கிறது என்று அங்கே தட்டிப் பார்ப்பதைக் கண்டுதான் அவருக்கு இந்த எண்ணம் பிறந்தது என்பார்கள். காற்று நிறைந்த மார்பு மத்தளம் போல் ஒலிக்கும். நீர் கோத்த இடம் 'தொப்' என்றிருக்கும். 1816-இல் பிரான்சு நாட்டு மருத்துவர் லேனெக் காகிதத்தைச் சுருட்டி, ஒரு முனையை நோயாளியின் மார்பிலும் மறுமுனையைத் தம் காதிலும் வைத்துக் கேட்டார். ஸ்டெதாஸ்கோப் அப்படித்தான் பிறந்தது.

இன்றும் புறநோயாளிகள் பிரிவில் இருமலும் காய்ச்சலுமாக வரும் குழந்தையை மருத்துவர் இப்படித்தான் சோதிக்கிறார். அவருக்குக் கிடைப்பது சில நிமிடங்களே. அதற்குள், இது தானே ஆறிவிடும் சளியா, நுரையீரலைத் தாக்கிய நிமோனியாவா என்று அவர் முடிவு செய்தாக வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2019-ஆம் ஆண்டில் மட்டும் ஐந்து வயதுக்குட்பட்ட 7 லட்சத்து 40 ஆயிரம் குழந்தைகள் நிமோனியாவால் இறந்தனர். எனவே தவறவிடுதல் ஆபத்து. அதற்காக இருமும் குழந்தைகள் எல்லோருக்கும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து கொடுத்தால், நாளடைவில் கிருமிகள் அம்மருந்துக்குப் பணியாமல் போய்விடும். எக்ஸ்-கதிர்ப் படம் எடுக்கலாமே என்பீர்கள். எடுக்கலாம், ஆனால் அக்கருவி இல்லாத சிற்றூர் மருத்துவமனைகள் ஏராளம்.

இந்த இடத்தில்தான் கேளா ஒலி உதவிக்கு வருகிறது. வினாடிக்கு 20,000 அதிர்வுகளுக்கு மேற்பட்ட ஒலி நம் காதுக்குக் கேட்காது. மருத்துவர் கையாளும் ஆய்வுமுனை வினாடிக்குச் சில பத்து லட்சம் அதிர்வுகள் கொண்ட ஒலியை உடலுக்குள் அனுப்பி, எதிரொலி திரும்பிவர எவ்வளவு நேரமாகிறது என்று அளக்கிறது. உடல் திசுக்களில் ஒலியின் வேகம் வினாடிக்குச் சுமார் 1540 மீட்டர். வேகத்தை நேரத்தால் பெருக்கி இரண்டால் வகுத்தால் ஆழம் கிடைத்துவிடும். கடலின் ஆழத்தைக் கப்பலில் இருந்து அளக்கும் அதே கணக்குதான்.

ஆனால் நெடுங்காலம் வரை மருத்துவர்கள் இக்கருவியை நுரையீரலின் பக்கம் கொண்டு போகவே இல்லை. காரணம் காற்று. ஓர் ஊடகத்தின் அடர்த்தியை அதில் ஒலி செல்லும் வேகத்தால் பெருக்கினால் வருவது அதன் ஒலித்தடை. மெட்ரிக் அலகில் திசுவுக்கு இது சுமார் 16 லட்சம். காற்றுக்கோ வெறும் 400. இவ்வளவு வேறுபாடுள்ள இரண்டு ஊடகங்கள் சந்திக்கும் எல்லையில் ஒலியாற்றலில் 99.9 சதவீதம் திரும்பிவிடும். உள்ளே போவது ஆயிரத்தில் ஒரு பங்கு. (ஆய்வுமுனையை வைக்குமுன் தோலில் குளுகுளுவென்று ஒரு கூழைத் தடவுகிறார்களே, அதுவும் இடையிலுள்ள மெல்லிய காற்றுப் படலத்தை விரட்டத்தான்.) காற்று நிறைந்த நுரையீரலுக்குள் எதைப் பார்க்க முடியும்?

ஒன்றும் தெரியாததையே ஒரு செய்தியாகப் படிக்கலாம் என்று காட்டியவர்களுள் முதன்மையானவர் டேனியல் லிக்டென்ஸ்டைன் என்ற பிரெஞ்சு மருத்துவர். முடிதிருத்தும் நிலையத்தில் எதிரெதிரே இரு கண்ணாடிகள் மாட்டியிருந்தால் உங்கள் உருவம் வரிசையாகத் தெரியுமல்லவா? நல்ல நுரையீரலிலும் இதுவே நடக்கிறது. நுரையீரல் உறை 2 சென்டிமீட்டர் ஆழத்தில் இருப்பதாகக் கொள்வோம். அங்கே மோதிய ஒலி 26 மைக்ரோ வினாடியில் திரும்புகிறது. அதில் ஒரு பகுதி ஆய்வுமுனையில் பட்டு மறுபடி உள்ளே போய், 52-ஆவது மைக்ரோ வினாடியில் மீண்டும் வருகிறது. கருவிக்கு இது புரியாது. 4 சென்டிமீட்டரில் இன்னொரு சுவர் இருப்பதாக எண்ணிக் கோடு போடுகிறது; பிறகு 6, பிறகு 8. சம இடைவெளியில் இப்படிப் படுக்கைக் கோடுகள் தெரிந்தால் அவை 'ஏ கோடுகள்'. அவை பொய்ப் பிம்பங்களே. ஆனாலும், உறைக்குக் கீழே காற்று இருக்கிறது என்ற உண்மையை அவை சொல்கின்றன.

நோய் தொற்றியதும் காட்சி மாறுகிறது. காற்று நுண்ணறைகளுக்கு இடையேயுள்ள சுவர்களில் நீர் ஊறுகிறது. சுற்றிலும் காற்று, நடுவில் சிறிது நீர். அதில் சிக்கிய ஒலி முன்னும் பின்னுமாக மோதி, சிறிது சிறிதாக வெளியே கசிகிறது. தாமதமாக வந்ததையெல்லாம் ஆழத்திலிருந்து வந்ததாகக் கருவி கருதுவதால், உறையிலிருந்து திரையின் அடிவரை வால்நட்சத்திரத்தின் வால் போல ஒளிக்கோடு விழுகிறது. இவை 'பி கோடுகள்'. லிக்டென்ஸ்டைன் குழுவினர் 1997-இல் இவற்றை விரிவாக ஆராய்ந்து எழுதினர். இரண்டு விலா எலும்புகளின் இடையே மூன்றோ அதற்கு மேலோ இருந்தால் ஐயப்பட வேண்டும்.

நோய் முற்றி, நுண்ணறைகளில் காற்றே இல்லாமல் சீழும் நீரும் நிறைந்துவிட்டால் ஒலிக்குத் தடை நீங்கிவிடுகிறது. நோயுற்ற பகுதி இப்போது திரையில் நேராகவே தெரியும், ஏறத்தாழக் கல்லீரலைப் போல! நல்ல நுரையீரலைக் காட்ட மறுக்கும் ஒலி, கெட்ட நுரையீரலை வெளிச்சம் போட்டுக் காட்டுகிறது. எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

குழந்தைகளின் மார்புச் சுவர் மெல்லியதாதலால் படம் தெளிவாக விழுகிறது. கதிர்வீச்சும் இல்லை. கைபேசியுடன் இணைக்கும் ஆய்வுமுனைகளும் வந்துவிட்டன. கோவிட் பரவிய 2020-இல் இத்தாலி மருத்துவர்கள் நோயாளியின் அருகிலேயே இவற்றைக் கொண்டு நுரையீரலைச் சோதித்தனர்.

ஆனால் இது மந்திரக்கோல் அன்று. நோய் நுரையீரலின் நடுவே இருந்து உறையைத் தொடாவிட்டால் கருவிக்கு அது தெரியாது. பி கோடுகள் இதயம் பலவீனமானவர்களிடமும் தோன்றும். அப்போது பெரும்பாலும் இரு பக்கமும் இருக்கும். கிருமி வைரஸா பாக்டீரியாவா என்பதையும் படத்தை மட்டும் வைத்து உறுதியாகச் சொல்ல இயலாது. ஆதலால் மூச்சை எண்ணும் பழைய முறை இன்னும் கைவிடப்படவில்லை. இருமலோடு வரும் குழந்தை, 2 முதல் 11 மாதம் வரை நிமிடத்துக்கு 50 முறையோ அதற்கு மேலோ, ஒன்று முதல் ஐந்து வயது வரை 40 முறையோ அதற்கு மேலோ மூச்சுவிட்டால் நிமோனியாவாக இருக்கலாம். இதற்குக் கடிகாரம் ஒன்று போதும். உங்கள் வீட்டிலேயே எண்ணலாம்.

நம் நாட்டில் இன்னொரு தடையும் உண்டு. கருவிலிருப்பது ஆணா பெண்ணா என்று பார்த்துப் பெண் கருவை அழிக்கும் கொடுமையைத் தடுக்க 1994-இல் சட்டம் இயற்றப்பட்டது. அதன்படி கேளா ஒலிக் கருவிகளைப் பதிவு செய்தாக வேண்டும். சட்டைப்பையில் அடங்கும் கருவிக்கும் விலக்கு இல்லை. ஆகவே மருத்துவர் தாம் போகும் சிற்றூருக்கெல்லாம் ஸ்டெதாஸ்கோப்பைப் போல இதை எடுத்துச் செல்ல முடியாது.