ஆளுக்கேற்ற புற்றுநோய் மருத்துவம்: செலவும் பயனும்

மும்பை நகரின் கிங்ஸ் சர்க்கிளைச் சூழ்ந்துள்ள மாட்டுங்கா, தாராவி பகுதிகளில் தமிழ் மக்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றனர். அங்கிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், பரேலில், டாட்டா நினைவு மருத்துவமனை அமைந்துள்ளது. 1941ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் திறக்கப்பட்ட இம்மருத்துவமனை, 1962 முதல் மத்திய அரசின் அணுசக்தித் துறையின் பொறுப்பில் இயங்கி வருகிறது. நாட்டின் எல்லாப் பகுதிகளிலிருந்தும் நோயாளிகள் இங்கு வருகின்றனர். அவர்களுள் பெரும் பகுதியினர் இலவசமாகவோ மிகக் குறைந்த கட்டணத்திலோ சிகிச்சை பெறுபவர்கள். எனவே, புதிய மருந்து ஒன்று எவ்வளவு சிறந்தது என்ற கேள்வியுடன், அது எத்தனை பேருக்கு எட்டும் என்ற கேள்வியும் இங்கு உடன் எழுகிறது.

பெயர் ஒன்று, நோய் பல

ஒரே உறுப்பில் தோன்றும் புற்றுநோய் எல்லோரிடமும் ஒரே தன்மை உடையதன்று. மார்பகப் புற்றுநோய் கண்ட 100 பெண்களுள் சுமார் 15 முதல் 20 பேரிடம் மட்டுமே ‘ஹெர்-2’ என்னும் புரதம் மிகுந்து காணப்படுகிறது. டிராஸ்டுசுமாப் என்னும் மருந்து இவர்களுக்கே பயன் தரும். நுரையீரல் புற்றுநோயிலும் குறிப்பிட்ட மரபணு மாற்றம் உடையவர்களுக்கெனத் தனி மாத்திரைகள் உள்ளன. இவ்வாறு நோயாளியின் கட்டியைச் சோதித்து, அதற்குப் பொருந்தும் மருந்தைத் தேர்ந்து அளிப்பதே ஆளுக்கேற்ற மருத்துவமாகும்.

சோதனை தரும் சிக்கனம்

இதன் பொருளாதாரத்தை ஓர் எளிய கற்பனைக் கணக்கால் விளக்கலாம். ஒரு சோதனைக்கு 10,000 ரூபாயும், மருந்துக்கு 2 லட்சம் ரூபாயும் ஆகும் என்று கொள்வோம். 100 நோயாளிகளுள் 20 பேருக்கே மருந்து பயன்படும். அனைவருக்கும் மருந்து கொடுத்தால் செலவு 2 கோடி ரூபாய். பயன்பெறும் ஒருவருக்கு 10 லட்சம் ரூபாய் வீதம் ஆகிறது. முதலில் சோதித்து, 20 பேருக்கு மட்டும் கொடுத்தால், சோதனைக்கு 10 லட்சமும் மருந்துக்கு 40 லட்சமுமாக மொத்தம் 50 லட்சம் ரூபாயே ஆகும். பயன்பெறும் ஒருவருக்கு இரண்டரை லட்சம்தான். பயனற்ற மருந்தின் பக்க விளைவுகளிலிருந்து 80 பேர் தப்புவதும் இதில் அடங்கும்.

ஆனால், 100 பேருள் ஒருவருக்கு மட்டுமே பொருந்தும் மருந்தாயின், அந்த ஒருவரைக் கண்டறிவதற்கே 10 லட்சம் ரூபாய் தேவைப்படும். அப்பொழுது சோதனை மருந்தைவிடப் பெருஞ்செலவாகிவிடுகிறது. ஆதலால் எந்தச் சோதனையை எல்லோருக்கும் செய்வது, எதைச் சிலருக்கு மட்டும் செய்வது என்பது மருத்துவ முடிவாக இருப்பதோடு நிதி முடிவாகவும் அமைகிறது.

விலையைக் குறைக்கும் வழிகள்

இரத்தப் புற்றுநோயின் ஒரு வகைக்கான இமாட்டினிப் மருந்தின் வரலாறு நாடறிந்தது. நோவார்ட்டிஸ் நிறுவனம் இதற்குக் கோரிய காப்புரிமையைச் சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006இல் மறுத்தது. 2013 ஏப்ரல் முதல் நாளன்று உச்ச நீதிமன்றம் அம்மறுப்பை உறுதி செய்தது. மாதம் ஒன்றுக்கு அந்நிறுவனத்தின் மருந்துக்குச் சுமார் 1.2 லட்சம் ரூபாய் ஆகும் நிலையில், இந்திய நிறுவனங்களின் அதே மருந்து சுமார் 8,000 ரூபாய்க்குக் கிடைத்தது.

2019இல் 42 புற்றுநோய் மருந்துகளின் வணிக இலாப விகிதத்துக்கு 30 சதவீத வரம்பு விதிக்கப்பட்டது. கூட்டாக வாங்குவது மற்றொரு வழியாகும். 2012இல் தோற்றுவிக்கப்பட்ட தேசியப் புற்றுநோய் வலையமைப்பு, உறுப்பு மருத்துவமனைகளின் தேவைகளை ஒன்றுசேர்த்து 40 மருந்துகளுக்குப் பேரம் பேசியதில், சுமார் 1,320 கோடி ரூபாய் மிச்சமாயிற்று.

எவ்வளவு மருந்து போதும்?

விலை குறையாதபோது அளவை ஆராய்வதும் ஒரு வழி. நோய்த்தடுப்பாற்றலைத் தூண்டும் நிவோலுமாப் மருந்து வழக்கமாக இரு வாரங்களுக்கு ஒருமுறை 240 மில்லிகிராம் அளவில் தரப்படுகிறது. டாட்டா நினைவு மருத்துவமனை மருத்துவர்கள், குணப்படுத்த இயலாத நிலையை எய்திய தலை, கழுத்துப் புற்றுநோயாளிகள் 151 பேரிடம் நடத்திய ஆய்வின் முடிவை 2022இல் வெளியிட்டனர். ஒரு பிரிவினருக்கு வழக்கமான மாத்திரைகளுடன் மூன்று வாரங்களுக்கு ஒருமுறை 20 மில்லிகிராம் நிவோலுமாப் சேர்த்துத் தரப்பட்டது. இது வழக்கமான அளவில் ஏறத்தாழ 18இல் ஒரு பங்காகும். ஓராண்டு முடிவில் இப்பிரிவில் 43.4 சதவீதத்தினரும், மாத்திரைகள் மட்டும் பெற்ற பிரிவில் 16.3 சதவீதத்தினரும் உயிருடன் இருந்தனர்.

குறைந்த அளவு முழு அளவுக்கு ஈடாகும் என்று இவ்வாய்வு நிறுவவில்லை. அவ்வொப்பீடு அதில் செய்யப்படவும் இல்லை. முழு அளவை வாங்க இயலாதவர்க்கு ஒன்றும் இல்லாமையினும் சிற்றளவு மேலானது என்பதையே அது காட்டிற்று. புகையிலையால் இந்நோய் மிகுந்துள்ள நாட்டுக்கு இது பெரும் செய்தியாகும்.

உள்நாட்டு முயற்சி

ஆளுக்கேற்ற மருத்துவத்தின் உச்ச நிலையாக விளங்குவது கார்-டி உயிரணுச் சிகிச்சை. நோயாளியின் இரத்தத்திலிருந்தே தடுப்பாற்றல் அணுக்களைப் பிரித்து, மரபணு முறையில் மாற்றி, மீண்டும் அவருக்கே செலுத்துகின்றனர். பம்பாய் ஐ.ஐ.டி.யும் டாட்டா நினைவு மையமும் இணைந்து உருவாக்கிய இச்சிகிச்சை, 2023இல் அரசின் அனுமதி பெற்று, 2024 ஏப்ரல் 4ஆம் நாள் குடியரசுத் தலைவரால் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அயல்நாடுகளில் 3 முதல் 4 கோடி ரூபாய் வரை ஆகும் சிகிச்சை, இங்கு அதில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குக்குக் கிடைக்கத் தொடங்கியது.

எனினும், 2018இல் தொடங்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டின் வரம்பு ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய். 30 லட்சம் ரூபாய்ச் செலவு இவ்வரம்பின் ஆறு மடங்கு. மலிவு என்பதும் எட்டக்கூடியது என்பதும் ஒன்றல்ல என்பதை இது உணர்த்துகிறது.

கணக்கில் வராத செலவு

மருந்துக்கு அப்பாற்பட்ட செலவும் உண்டு. வெளியூரிலிருந்து வரும் குடும்பத்துக்கு இரயில் பயணம், தங்குமிடம், உணவு, துணைக்கு வந்தவரின் இழந்த கூலி ஆகியன சேர்கின்றன. தாதரிலுள்ள காட்கே மகராஜ் தர்மசாலை போன்றவை இச்சுமையை ஓரளவு தாங்குகின்றன. கட்டிச் சோதனையின் முடிவு ஒரு வாரம் தாமதமாயின், குடும்பத்தின் செலவும் ஒரு வாரத்துக்கு உயரும். எனவே சோதனைக் கூடங்கள் நோயாளியின் ஊருக்கு அருகில் அமைவதும், மாதிரிகள் மட்டும் பயணம் செய்து நோயாளி ஊரிலேயே இருப்பதும் சிக்கனமே.

சோதனையின் விலை, மருந்தின் விலை, மருந்தின் அளவு, காத்திருக்கும் காலம் ஆகிய நான்கையும் ஒருசேரத் திட்டமிட வேண்டும். ஒன்றை மட்டும் குறைத்தால் சுமை மற்றொன்றுக்கு மாறுமேயன்றி நீங்காது. காப்பீட்டுத் திட்டங்கள் மருந்துக்குப் பணம் தருவதுடன் அதற்கு முந்தைய சோதனைக்கும் பணம் தர முன்வரும்போதே, ஆளுக்கேற்ற மருத்துவம் வசதி படைத்த ஆளுக்கு மட்டும் ஏற்ற மருத்துவமாக நின்றுவிடாமல் காக்க இயலும்.