சாரத்திலிருந்து விழுந்தேன் என்றே சொல்லுங்கள்

எங்கள் பக்கத்து ஊர்க் காலனியைச் சேர்ந்த கொத்தனார் ஒருவர் மூன்று ஆண்டுகளுக்கு முன் சென்னை அருகே ஒரு கட்டடத்தில் சாரம் சரிந்து இரண்டாம் மாடி உயரத்திலிருந்து விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. அவரைத் தூக்கிச் சென்ற ஒப்பந்தக்காரரின் ஆள், அவசர சிகிச்சைப் பிரிவில் கேட்ட மருத்துவரிடம், "வண்டியிலிருந்து விழுந்துட்டாரு சார்" என்றார். வலியில் இருந்தவர் மறுத்துப் பேசவில்லை. அதுவே விபத்துப் பதிவேட்டில் ஏறியது. மூன்றாம் நாள் 20,000 ரூபாயும் ஒரு வெற்று முத்திரைத்தாளும் கட்டிலுக்கு வந்தன. கையெழுத்துப் போட்டார்.

நாங்கள் அவரைச் சந்தித்தபோது இரண்டரை ஆண்டுகள் ஓடியிருந்தன. கைத்தடி இல்லாமல் நடக்க முடியவில்லை. "அப்பவே ஏன் அண்ணே சொல்லல?" என்று கேட்டோம். "மேஸ்திரி நம்ம தெருப் பிள்ளை தம்பி. அவன் பொழப்பு கெட்டுடக் கூடாதுன்னு பாத்தேன்" என்றார்.

இது ஒருவர் கதை அல்ல. நிலமில்லாத நம் மக்கள் வயல் கூலியை விட்டு நகரத்துக் கட்டட வேலைக்குப் போனார்கள். பண்ணையில் வாங்கிய முன்பணம், மேஸ்திரியிடம் வாங்கும் அட்வான்ஸ் ஆனது. கடன்பட்டவருக்கும் உறவுக்காரருக்கும் வாய் திறப்பது எளிதல்ல. அந்தத் தயக்கத்தில்தான் முதலாளி தப்பிக்கிறார். மேஸ்திரியைக் காட்டிக்கொடுக்கச் சொல்லவில்லை. அவருக்கு மேலே இருப்பவரைப் பொறுப்பேற்கச் செய்யலாம் என்கிறோம்.

முதல் ஒரு மணி நேரம்

உயரத்திலிருந்து விழுந்தவரைக் கையையும் காலையும் பிடித்துத் தூக்காதீர்கள். ஆட்டோவில் மடக்கி உட்கார வைக்காதீர்கள். முதுகெலும்பில் அடிபட்டிருந்தால் அதனாலேயே கால்கள் செயலிழந்துவிடலாம். அசைக்காமல் படுக்க வைத்து 108-ஐ அழையுங்கள். தண்ணீர் கொடுக்க வேண்டாம்.

மருத்துவமனையில் கேட்கப்படும் முதல் கேள்வி, "எங்கே, எப்படி விழுந்தார்?" என்பது. அதற்கான பதில்தான் வழக்கின் அடித்தளம். "இன்ன இடத்தில், இன்ன கட்டடத்தில், வேலை செய்துகொண்டிருந்தபோது சாரத்திலிருந்து விழுந்தார்" என்றே சொல்லுங்கள். மனைவியோ உடன் வேலை செய்தவரோ பக்கத்தில் நின்று பதிவாவதைக் கவனியுங்கள். விபத்துப் பதிவேட்டின் நகலைக் கேட்டு வாங்குங்கள்.

அந்த வாரத்துக்குள்

வேலை நடந்த இடத்துக்குரிய காவல் நிலையத்தில் எழுத்து மூலம் புகார் கொடுங்கள். உடனே வழக்குப் பதியவில்லை என்றால் மனு ரசீதையாவது பெறாமல் திரும்பாதீர்கள். விபத்து நடந்த இடத்தையும் சரிந்த சாரத்தையும் செல்போனில் படமெடுங்கள். இரண்டு நாளில் அங்கே புதுச் சாரம் நிற்கும். உடன் இருந்த இருவரின் பெயர், ஊர், எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். கூலி வந்த வங்கிக் கணக்குப் பதிவு, மேஸ்திரி அனுப்பிய குரல் செய்தி, கட்டடத்தின் பெயர்ப் பலகைப் படம் எல்லாம் சான்றுகளே. பெண் சித்தாள்களுக்குப் பல இடங்களில் வருகைப் பதிவேடே இல்லை. அவர்களுக்கு இந்தச் சிறு சான்றுகள்தான் துணை.

விபத்து பற்றி ஒப்பந்தக்காரருக்கும் நிறுவனத்துக்கும் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்புங்கள். இ.எஸ்.ஐ. பிடித்தம் உண்டா என்று விசாரியுங்கள். அதில் சேர்க்கப்பட்டவர் இழப்பீட்டை இ.எஸ்.ஐ. வழியாகவே பெற வேண்டும்.

வெற்றுத் தாளில் கையெழுத்து வேண்டாம்

1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் நூறாண்டைக் கடந்தது. அதன் உரிமைகள் 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் ஏழாம் அத்தியாயமாக இடம்பெற்றுள்ளன. உரிமையை விட்டுக்கொடுப்பதாகத் தொழிலாளி எழுதித்தரும் ஒப்பந்தம் செல்லாது. வாங்கிய அட்வான்ஸை இழப்பீட்டில் கழித்துக்கொள்ளவும் முடியாது. இதை நம் ஒவ்வொரு வீட்டிலும் சொல்லி வைக்க வேண்டும்.

"நீ சரியாகப் பிடித்துக்கொள்ளவில்லை" என்பார்கள். வெறும் கவனக்குறைவால் இழப்பீடு பறிபோகாது. குடித்திருந்தார், பாதுகாப்பு விதியை வேண்டுமென்றே மீறினார் என்று முதலாளி நிரூபித்தால்தான் மறுக்க முடியும். மரணத்திலும் நிரந்தர முழு இயலாமையிலும் அந்த வாதமும் எடுபடாது. "நீ ஒப்பந்தக்காரரின் ஆள்" என்று நிறுவனம் கைகழுவ முடியாது. தன் தொழிலுக்காக ஒப்பந்தத்தில் விட்ட வேலை என்றால் நிறுவனமும் பொறுப்பு. ஒருவர் தாம் குடியிருக்கக் கட்டும் வீடு என்றால் ஒப்பந்தக்காரரைத்தான் கேட்க வேண்டும்.

எவ்வளவு வரும்?

இழப்பீட்டைக் கணக்கிட மாத ஊதிய உச்சவரம்பை மத்திய அரசு 2020 ஜனவரியில் 15,000 ரூபாய் ஆக்கியது. அந்தக் கொத்தனாரைப் போல 40 வயதானவருக்குச் சட்டம் தரும் வயதுக் காரணி 184.17. நிரந்தர முழு இயலாமை என்றால் ஊதியத்தில் 60 விழுக்காடான 9,000 ரூபாயை இதனால் பெருக்க வேண்டும். தொகை 16,57,530 ரூபாய். சம்பாதிக்கும் திறனில் 30 விழுக்காடு போனது என மருத்துவர் சான்றளித்தால் 4,97,259 ரூபாய். மரணம் என்றால் ஊதியத்தில் பாதியைப் பெருக்கினால் 13,81,275 ரூபாய் குடும்பத்துக்கு. கட்டிலருகே நீட்டிய 20,000-ஐ இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இவை தவிர மருத்துவச் செலவு முழுவதையும் முதலாளி தர வேண்டும். தற்காலிகமாக வேலைக்குப் போக முடியாத காலத்துக்கு, அரை மாதத்துக்கு ஒருமுறை மாத ஊதியத்தில் 25 விழுக்காடு உண்டு. எனவே மருந்துக் கடை ரசீதைக்கூடத் தூக்கிப் போடாதீர்கள்.

எங்கே மனு கொடுப்பது?

தொழிலாளர் துறையின் இழப்பீட்டு ஆணையரிடம், விபத்து நடந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள். சென்னையில் விழுந்தவர் சென்னைக்கு அலைய வேண்டியதில்லை. தாம் வசிக்கும் பகுதிக்குரிய ஆணையரிடமே கொடுக்கலாம். பதிவுபெற்ற தொழிற்சங்கப் பொறுப்பாளரும் அங்கே வாதாடலாம். பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் வருமான வரம்பு இல்லாமல் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். தொலைபேசி எண் 15100.

கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தின் உதவி வேறு, இந்த இழப்பீடு வேறு. இரண்டுக்கும் மனு கொடுங்கள். நியாயம் கேட்கப் போன இடத்தில் சாதியைச் சொல்லிப் பலர் முன் இழிவுபடுத்தினால், 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் தனிப் புகார் கொடுங்கள்.

அம்பேத்கர் 1942 முதல் 1946 வரை வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறைப் பொறுப்பு வகித்தார். அவர் சிலைக்கு மாலை போடும் நாம், அவர் அந்தப் பொறுப்பில் கவனித்த தொழிலாளர் சட்டங்களை நம் தெருவில் படித்துக் காட்டியதில்லை. அந்தக் குறை எங்களுடையதும்தான்.

கொத்தனாரின் மனு இப்போது ஆணையரிடம் இருக்கிறது. தாமதத்துக்குப் போதிய காரணம் இருந்தால் ஏற்கலாம் என்று சட்டம் சொல்கிறது. உடன் வேலை செய்த இருவர் சாட்சி சொல்ல முன்வந்திருக்கிறார்கள். அதில் ஒருவர் அந்த மேஸ்திரி.

காலனி இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். வேலைக்குப் போகும் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு நோட்டு வையுங்கள். தேதி, கட்டடம் இருக்கும் இடம், ஒப்பந்தக்காரர் பெயர், அன்றைய கூலி ஆகியவற்றை இரவில் பிள்ளைகளை விட்டு எழுதச் சொல்லுங்கள். அந்த நோட்டு ஒருநாளும் தேவைப்படாமல் போகட்டும். தேவைப்பட்டால், கையில் இருக்கட்டும்.