ஆயில் குடிக்கும் கார், கணக்கு வைக்கும் கம்ப்யூட்டர்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "பாட்டுக் கேட்கிறோம், படம் பார்க்கிறோம், மெயில் அனுப்புகிறோம். வேறு எதற்குத்தான் இது பயன்படும்?" என்பார்கள். அப்போது நான் என் காரைப் பற்றிச் சொல்வேன். எக்ஸெல் புரோகிராமில் நான் எழுதி வைத்த சிறு கணக்கு ஒன்று, 40 வயதைத் தாண்டிய ஓர் என்ஜினைக் காப்பாற்றிய கதை அது.

என் சொந்த ஊர் கோவை. பொறியியல் படித்துவிட்டு, ஜப்பானில் ஹிரோஷிமா நகரில் சாப்ட்வேர் இன்ஜினியராக வேலை பார்க்கிறேன். மாஸ்டா கார் நிறுவனத்தின் தலைமையகம் இந்த ஊரை ஒட்டித்தான் இருக்கிறது. இங்கு வந்த பிறகு ஆசைப்பட்டு வாங்கியதுதான் என் கார். பெயர் மாஸ்டா சவன்னா ஆர்எக்ஸ்-7. 1980-ல் தயாரானது. அதாவது என்னைவிட வயதில் மூத்தது. முகப்பு விளக்குகள் மூடிக்குள் படுத்திருக்கும்; சுவிட்சைப் போட்டால் எழுந்து நிற்கும். ஆனால் இதன் உண்மையான சிறப்பு பானெட்டுக்குக் கீழே இருக்கிறது. அதுதான் ரோட்டரி என்ஜின்.

ரோட்டரி என்ஜின் என்றால் என்ன?

நம் ஊர்க் கார்களிலும் பைக்குகளிலும் இருப்பது பிஸ்டன் என்ஜின். சிலிண்டருக்குள் பிஸ்டன் மேலும் கீழும் போய் வரும். ரோட்டரி என்ஜினில் பிஸ்டனும் இல்லை, வால்வும் இல்லை. நடுவில் சற்றே இடுங்கிய முட்டை வடிவ அறை ஒன்று இருக்கும். அதற்குள் மூன்று முனைகள் கொண்ட ரோட்டர் சுழலும்.

பாட்டி வீட்டு ஆட்டுக்கல்லை நினைத்துக் கொள்ளுங்கள். குழவி தானும் சுழன்றுகொண்டு, குழியின் சுவரை ஒட்டியும் சுற்றி வரும் அல்லவா? ரோட்டரும் ஏறக்குறைய அப்படித்தான். அதன் மூன்று முனைகளும் எப்போதும் சுவரைத் தொட்டபடியே போகும். ரோட்டருக்கும் சுவருக்கும் இடையே மூன்று இடைவெளிகள் உண்டாகும். இவை மாறி மாறிப் பெரிதாகிச் சிறிதாகும். பெட்ரோல்-காற்றுக் கலவையை இழுப்பது, அழுத்துவது, எரிப்பது, புகையை வெளியே தள்ளுவது ஆகிய நான்கு வேலைகளும் இப்படியே நடக்கின்றன. ரோட்டர் ஒரு சுற்றுச் சுற்றும்போது நடு ஷாப்ட் மூன்று சுற்றுச் சுற்றும்.

என் காரில் இருப்பது 12ஏ என்ற என்ஜின். இரண்டு ரோட்டர்கள். ஒவ்வொன்றுக்கும் 573 சிசி வீதம் மொத்தம் 1146 சிசி. ஒரு ரோட்டருக்கு இரண்டு ஸ்பார்க் பிளக். பாகங்கள் குறைவு, எடை குறைவு, அதிர்வும் மிகக் குறைவு. இவ்வளவு நல்ல என்ஜின் ஏன் எல்லாக் கார்களிலும் இல்லை?

வில்லன் அந்த மூன்று முனைகள்

ஒவ்வொரு முனையிலும் அபெக்ஸ் சீல் என்ற மெல்லிய பட்டை ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். சுவரில் அழுந்தி உரசிக்கொண்டே ஓடி, ஓர் அறையின் காற்று அடுத்த அறைக்குக் கசியாமல் தடுப்பது இதன் வேலை. இது தேய்ந்தாலோ உடைந்தாலோ அழுத்தம் போய்விடும். என்ஜினைப் பிரித்துக் கட்டுவதைத் தவிர வேறு வழி கிடையாது.

இந்த என்ஜினுக்கு அடிப்படை அமைத்தவர் ஜெர்மனியின் பெலிக்ஸ் வாங்கெல். என்எஸ்யு நிறுவனத்தில் 1957-ல் முதல் மாதிரி ஓடியது. அதே நிறுவனம் 1967-ல் ரோ 80 என்ற காரை வெளியிட்டது. பாராட்டுகள் குவிந்தன. ஆனால் சீல்கள் சீக்கிரமே தேய்ந்தன. வாரண்டியில் என்ஜின் மாற்றிக் கொடுத்தே நிறுவனம் நொடித்தது. 1969-ல் போக்ஸ்வேகன் குழுமத்துடன் இணைந்தது.

என்எஸ்யுவிடம் உரிமம் பெற்ற மாஸ்டாவுக்கும் இதே தலைவலிதான். அங்கு கெனிச்சி யமமோட்டோ தலைமையில் 47 இன்ஜினியர்கள் இதற்காகவே உழைத்தார்கள். சீல்கள் சுவரில் அதிர்ந்து உண்டாக்கிய வரிவரியான கீறல்களுக்கு அவர்கள் வைத்த பெயர் 'சாத்தானின் நகக்கீறல்'. கடைசியில் கார்பனுடன் அலுமினியம் சேர்த்த சீல் கைகொடுத்தது. 1967-ல் காஸ்மோ ஸ்போர்ட் கார் வந்தது. பின்னர் 1978-ல் ஆர்எக்ஸ்-7 வந்து 2002 வரை மூன்று தலைமுறைகளாகத் தயாரானது. அடுத்து வந்த ஆர்எக்ஸ்-8 2012-ல் நின்றது. 2023-ல் எம்எக்ஸ்-30 என்ற காரில் ரோட்டரி திரும்பி வந்தாலும், அதில் அது சக்கரத்தைச் சுழற்றுவதில்லை. மின்சாரம் தயாரிக்கும் வேலையை மட்டுமே செய்கிறது.

இந்த கார் ஆயில் குடிக்க வேண்டும்!

சாதாரணக் காரில் என்ஜின் ஆயில் குறைந்துகொண்டே வந்தால் என்ஜினில் கோளாறு என்று அர்த்தம். ரோட்டரியில் நேர் எதிர். அபெக்ஸ் சீல் வறண்டுபோய் உரசக்கூடாது என்பதற்காக, மீட்டரிங் ஆயில் பம்ப் என்ற சிறு பம்ப் கொஞ்சம் கொஞ்சமாக ஆயிலை எடுத்து அறைக்குள் போய்ச் சேரும்படி அனுப்புகிறது. அந்த ஆயில் பெட்ரோலோடு சேர்ந்து எரிந்துவிடும். இது கோளாறு இல்லை, வடிவமைப்பே அப்படி.

முன்பு பஜாஜ் ஸ்கூட்டருக்குப் பெட்ரோல் பங்கில் 2டி ஆயில் கலந்து போடுவார்களே, அதே தத்துவம்தான். இங்கே கலக்கும் வேலையைக் காரே பார்த்துக்கொள்கிறது. எனவே இந்தக் கார் வைத்திருப்பவர் பெட்ரோல் போடும்போதெல்லாம் டிப் ஸ்டிக்கை எடுத்து ஆயில் அளவையும் பார்க்க வேண்டும். குறைந்ததை ஊற்ற வேண்டும்.

எக்ஸெலில் கணக்கு வைப்பது எப்படி?

கார் வாங்கிய முதல் வாரமே எக்ஸெலில் ஒரு பைல் தொடங்கினேன். இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் புரோகிராமிலும் இதைச் செய்திடலாம். வழி மிக எளிது.

1. முதல் வரிசையில் ஆறு தலைப்புகளை டைப் செய்திடவும்: தேதி, ஓடோமீட்டர், சேர்த்த ஆயில் (மில்லி), ஓடிய தூரம், 1000 கி.மீ.க்கு ஆயில், குறிப்பு.

2. இரண்டாவது வரிசையில் தொடக்க நாளின் தேதியையும் ஓடோமீட்டர் எண்ணையும் மட்டும் கொடுக்கவும். அன்று ஆயில் மேல் கோடு வரை இருக்க வேண்டும்.

3. மூன்றாவது வரிசையிலிருந்து, ஒவ்வொரு முறை ஆயில் ஊற்றும்போதும் முதல் மூன்று கட்டங்களை நிரப்பவும்.

4. 'ஓடிய தூரம்' கட்டத்தில் = குறியை டைப் செய்து, இன்றைய ஓடோமீட்டர் செல்லில் கிளிக் செய்திடவும். பின் - குறி இட்டு, அதற்கு மேல் உள்ள செல்லில் கிளிக் செய்து என்டர் தட்டவும்.

5. அடுத்த கட்டத்தில் = குறி இட்டு, சேர்த்த ஆயில் உள்ள செல்லில் கிளிக் செய்திடவும். / குறி இட்டு, ஓடிய தூரம் உள்ள செல்லில் கிளிக் செய்து, *1000 என டைப் செய்து என்டர் தட்டவும்.

6. இந்த இரு செல்களையும் தேர்ந்தெடுத்து, வலது கீழ் மூலையில் தெரியும் சிறு சதுரத்தை மவுஸால் பிடித்துக் கீழே இழுக்கவும். பார்முலா எல்லா வரிசைகளுக்கும் வந்துவிடும்.

எடுத்துக்காட்டாக, 500 கி.மீ. ஓடிய பின் 210 மில்லி ஊற்றினால், 1000 கி.மீ.க்கு 420 மில்லி என்று விடை வரும். ஒன்றை மறக்காதீர்கள். எப்போதும் சமதரையில் நிறுத்தி, சூடான என்ஜினை அணைத்துச் சில நிமிடங்கள் கழித்தே அளவு பார்க்க வேண்டும். எப்போதும் அதே மேல் கோடு வரைதான் ஊற்ற வேண்டும். அளக்கும் முறை மாறினால் கணக்கும் பொய் சொல்லும்.

கோடு கீழே இறங்கியது

முதல் நான்கு பதிவுகளில் எனக்குக் கிடைத்தவை 420, 440, 400, 430. பிறகு ஸ்டார்ட்டிங் சரியில்லை என்று ஓர் ஒர்க் ஷாப்பில் விட்டுக் கார்புரேட்டரைச் சுத்தம் செய்தேன். கார் நன்றாகவே ஓடியது. அடுத்த பதிவு 160. அதற்கடுத்தது 150.

எனக்கு மகிழ்ச்சிதான். அன்று இரவு போனில் அப்பாவிடம் சொன்னேன். "ஏன் கண்ணு, ஆயில் குடிக்கலைன்னா நல்லதுதானே?" என்றார். "ஆமாங்கப்பா, செலவு மிச்சம்" என்று நானும் சொன்னேன்.

போனை வைத்துவிட்டு, அந்த எண்களைத் தேர்ந்தெடுத்து இன்செர்ட் மெனு மூலம் ஒரு கிராப் போட்டுப் பார்த்தேன். நான்கு புள்ளிகள் வரை ஏறக்குறைய நேராக வந்த கோடு, ஐந்தாவதில் பள்ளத்தில் விழுந்ததுபோல் இறங்கியிருந்தது. அந்த இடத்தில் 'குறிப்பு' கட்டத்தில் நான் எழுதியிருந்தது: 'கார்புரேட்டர் சுத்தம்'. அப்போதுதான் உறைத்தது. பம்ப் இந்தக் காரில் ஆயில் அனுப்பியே ஆக வேண்டும். ஆயில் குறையவில்லை என்றால் சீல்கள் பட்டினி கிடக்கின்றன என்று அர்த்தம்!

மறுநாள் காரை எடுக்கவில்லை. ரோட்டரி வேலை தெரிந்த வயதான மெக்கானிக் ஒருவரை வரவழைத்தேன். என் கிராப்பை லேப்டாப்பில் காட்டினேன். அவர் பதில் ஏதும் சொல்லாமல் டார்ச் அடித்துப் பார்த்தார். ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க பம்ப் அதிக ஆயில் அனுப்ப வேண்டும். அதற்காகக் கார்புரேட்டரையும் பம்பையும் இணைக்கும் ஒரு கம்பி உண்டு. அது கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. அதனால் எவ்வளவு வேகமாகப் போனாலும் பம்ப் ஐடிலில் அனுப்பும் அளவே அனுப்பியிருக்கிறது. கம்பியை மாட்டச் சில நிமிடங்களே ஆயின.

சேதம் உண்டா என்று அறிய கம்ப்ரஷன் சோதனை செய்தோம். சாதாரண கேஜ் மூன்று பக்கங்களில் உயர்ந்த அளவை மட்டுமே காட்டும். எனவே ஒவ்வொரு பக்கத்தையும் தனித்தனியாகக் காட்டும் ரோட்டரி டெஸ்டர் தேவை. முன் ரோட்டர்: 7.1, 7.0, 7.2. பின் ரோட்டர்: 6.9, 6.8, 7.0. பக்கங்களுக்கு இடையே பெரிய வேறுபாடு இல்லை. ஒரு சீல் உடைந்திருந்தால் ஒன்றிரண்டு எண்கள் மட்டும் தனியே சரிந்திருக்கும். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. அடுத்த ஆயில் பதிவு 410. இப்படி ஆயில் குறையாமல் அந்தக் கார் இன்னும் சில மாதங்கள் ஓடியிருந்தால், என் ஓராண்டுச் சேமிப்பு என்ஜின் வேலைக்கே போயிருக்கும்.

மற்ற கவனிப்புகள்

* குளிர்ந்த என்ஜினை ஸ்டார்ட் செய்து, காரை நாலடி நகர்த்தி, உடனே அணைக்கக் கூடாது. பெட்ரோல் உள்ளே தேங்கி, மறுபடி ஸ்டார்ட் ஆகாது. நன்கு சூடான பிறகே அணைக்கவும்.

* ஆயில் அளவு குறையாமல் இருந்து, டிப் ஸ்டிக்கில் பெட்ரோல் வாசனையும் வந்தால், பெட்ரோல் ஆயிலில் கலக்கிறது என்று சந்தேகிக்கவும். அந்த ஆயிலை மாற்றிவிடுவதே நல்லது.

* ரேடியேட்டர் நீர் அளவில் அலட்சியம் கூடாது. இந்த என்ஜின் இரும்பும் அலுமினியமும் மாற்றி மாற்றி அடுக்கிக் கட்டியது. ஒருமுறை அளவுக்கு மீறிச் சூடானாலே இடையில் உள்ள நீர் சீல்கள் பாழாகும்.

* செலவையும் யோசியுங்கள். ஜப்பானில் 2 ஆண்டுக்கு ஒருமுறை தகுதிச் சோதனை கட்டாயம். 13 வயது தாண்டிய பெட்ரோல் காருக்கு வரியும் கூடுதல். ஆர்எக்ஸ்-7-இன் 2, 3-ஆம் தலைமுறைகளுக்குச் சில பாகங்களை மீண்டும் தயாரிப்பதாக மாஸ்டா 2020-ல் அறிவித்தது. என்னுடையது முதல் தலைமுறை என்பதால் பல பாகங்களுக்குப் பழைய கார்களைத்தான் தேடிப் போகிறேன்.

போட்டோவும் பேக்கப்பும்

எந்தக் குழாயைக் கழற்றும் முன்னும் ஒரு போட்டோ எடுத்துவிடுகிறேன். கார்புரேட்டர் வேலைக்கு முன் இப்படி ஒரு போட்டோ எடுத்திருந்தால், கம்பி கழன்றதை அன்றே கண்டுபிடித்திருப்பேன். போட்டோ பைல்களுக்கு ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எண்ணால் பெயரிடவும். அப்போது போல்டரில் அவை தாமாகவே வரிசையாக நிற்கும்.

எக்ஸெல் பைல், போட்டோக்கள், ஸ்கேன் செய்த சர்வீஸ் புத்தகம் எல்லாவற்றையும் மாதம் ஒருமுறை பென் டிரைவில் காப்பி செய்திடவும். அந்தப் பென் டிரைவைக் கம்ப்யூட்டர் பக்கத்திலேயே வைக்காமல் வேறு இடத்தில் வைக்கவும்.

உங்களிடம் ரோட்டரி கார் இருக்காது. ஆனால் பைக் இருக்கும், தண்ணீர் மோட்டார் இருக்கும், கரண்ட் மீட்டர் இருக்கும். ஏதேனும் ஒன்றை எடுத்துக்கொண்டு இன்றே ஒரு பைல் தொடங்குங்கள். எண் ஏறினாலும் சரி, இறங்கினாலும் சரி, காரணம் தெரியாத மாற்றம் என்றால் நின்று கவனியுங்கள். குறிப்பு எழுதும் கட்டத்தை மட்டும் காலியாக விட்டுவிடாதீர்கள். என்னைக் காப்பாற்றியது அதில் எழுதிய இரண்டு சொற்கள்தான்.